பனியில் ஒரு லத்தி

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏறும் மலைப்பாதையில், பாதி வழியில் பனி வந்து மூடிக்கொள்கிறது. பக்கத்துப் பலாமரத்துக்கு அடிமரம் இருக்கிறது, கிளைகள் இல்லை. என்னோடு கூட வந்த போலீஸ்காரரின் சிவப்புத் தலைப்பாகை தனியாக மிதக்கிறது. மேலே ஏதோ விசாரணைக்குப் போகிறாராம்.

வெறும் சாக்கைத் தோளில் போட்டபடி ஒரு மலை விவசாயி வந்து சேர்கிறார். இடது கையைத் துணியால் கழுத்தோடு கட்டியிருக்கிறார். பேளுக்குறிச்சிச் சந்தையில் வழிவிடத் தாமதித்ததற்கு இந்தப் போலீஸ்காரர் அடித்தது என்கிறார், அவர் எதிரிலேயே. போலீஸ்காரர் பலாமரத்தில் பனி மறைத்த கிளைகளைப் பார்க்கிறார்.

பனி இறங்கினால் இங்கே ஒரு கம்பின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். விவசாயி நல்ல கையை நீட்டுகிறார். போலீஸ்காரர் சற்றுத் தயங்கி லத்தியின் ஒரு முனையைக் கொடுக்கிறார். விவசாயி முன்னால், போலீஸ்காரர் பின்னால், இருவரும் வெண்மைக்குள் நடக்கத் தொடங்குகிறார்கள்; நான் ஒட்டி நடக்கிறேன்.

"அடித்தவருக்கா வழி காட்டுகிறீர்கள்?" என்று விவசாயியிடம் கேட்கிறேன்.

"ஆமாங்க. மேல எங்க ஆலத்தூர் நாட்டுல ஊரே கூடி உக்காந்திருக்குதுங்க. எதுக்கு அடிச்சாருன்னு அங்க வந்து சொல்லோணுமுங்க. பாதியில தொலைஞ்சு போயிட்டா எப்படிங்க?"

போலீஸ்காரர் சட்டென்று லத்தியை விட்டுவிடுகிறார். சுற்றிலும் பார்க்கிறார். எந்தப் பக்கமும் பாதை இல்லை.

கையை நீட்டித் துழாவி, லத்தியை மறுபடி பிடித்துக்கொள்கிறார்.