அத்தை தலையாட்டிய ஐந்து நொடி

என் அலமாரியில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதில் என் அத்தை ஐந்து நொடி தலையாட்டுவாள். அந்த ஐந்து நொடியை அங்கே ஒட்டியவன் நான்.

தொண்ணூற்றொன்றில் சென்னையில் ஒரு வீடியோ நிலையத்தில் படத்தொகுப்பு செய்துகொண்டிருந்தேன். எங்கள் மண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போவதை முன்னதாகவே மோப்பம் பிடித்த ஒரு கட்சித் தலைவர், பொய்க் கைநாட்டு வைத்துப் பலருடைய நிலங்களைத் தன் மைத்துனன் பெயருக்கு மாற்றிவிட்டார். அத்தையின் அரை ஏக்கர் நஞ்சையும் அதில் போயிற்று. ஊரார் சேர்ந்து மனு கொடுத்தார்கள், விசாரணை வந்தது. இதை ஆவணப்படமாக எடுக்கிறேன் என்ற இயக்குநரை அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனதும் நான்தான்.

அத்தை கேமராவுக்கு அஞ்சவில்லை. "நான் கையெழுத்து போடத் தெரிஞ்சவ சார். இன்னாத்துக்குக் கைநாட்டு வெக்கப்போறேன்? நெலம் இங்கதான் கீது, பேரு மட்டும் அவன் வூட்டுக்குப் பூடுச்சு" என்றாள். பேட்டி முடிந்த பிறகு, அவள் கேட்டுக்கொண்டிருக்கும் முகமும் வேண்டுமென்று இயக்குநர் மழையைப் பற்றி ஏதோ பேசினார். யார் பேசினாலும் "ம்" கொட்டித் தலையாட்டுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அத்தையும் ஆட்டினாள்.

தலைவரின் பேட்டியை எடிட் செய்யும்போதுதான் வினை வந்தது. "ஜனங்க விருப்பப்பட்டுத்தான் குடுத்தாங்க" என்று தொடங்கினார். கைநாட்டு யாருடையது என்று கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்தார், தண்ணீர் கேட்டார், மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "என் கை சுத்தம்" என்றார். "நடுவுல தொங்குதுப்பா, வெட்டிடு" என்றார் இயக்குநர். வெட்டினால் திரையில் தலைவரின் தலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்கக் கேட்பவர் முகம் ஒன்றை நடுவில் வைப்பது எங்கள் தொழில் வழக்கம். அத்தையின் முகம் கைக்கு எட்டியது, வைத்தேன். ஒட்டு தெரியவில்லை என்று பெருமைப்பட வேறு செய்தேன், மடையன்!

இப்போது படத்தில் தலைவர் "விருப்பப்பட்டுத்தான் குடுத்தாங்க" என்கிறார், அத்தை ஆமாம் என்று தலையாட்டுகிறாள், அவர் கை சுத்தமாகிவிடுகிறது. தலைவரே டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊர் நடுவில் படத்தின் அந்தப் பகுதியை மட்டும் போட்டுக் காட்டினார். மனுவில் கையெழுத்திட்டவர்கள் "நீயே ஆமான்ட்டியே" என்று அத்தையைக் காறித் துப்பாத குறையாகப் பேசி, ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். விசாரணை படுத்துவிட்டது. வெட்டாத பேட்டி இருந்த மூலக் கேசட்டைத் தேடி நிலையத்துக்கு ஓடினேன். அதன்மேல் யாருடைய கல்யாணத்தையோ பதிவு செய்திருந்தார்கள். "படம் நடுநிலையா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் இயக்குநர். நடுநிலையாம்! திருடனின் முகம் வியர்த்ததை வெட்டி எறிந்துவிட்டு, பறிகொடுத்தவளைக் கொண்டே அவன் பொய்யைப் பூசி மெழுகியதற்குப் பெயர் நடுநிலை! இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரிச்சலில் பாதி என் மேல்தான்.

அத்தை என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "நான் அவனுக்காடா தலையாட்டுனேன்?"

அந்த நஞ்சையின் மேல் இப்போது ஒரு கம்பெனியின் மதில் நிற்கிறது. ஷிப்ட் பஸ்கள் போகின்றன. அத்தை அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தாள். யார் என்ன பேசினாலும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டுதான் கேட்பாள். கடைசி நாட்களில் டாக்டர், "புரியுதாம்மா?" என்று கேட்டபோதும் தலை அசையவில்லை. "புரியுது" என்று வாயால் சொன்னாள்.

கேசட்டில் மட்டும் இன்னும் அவனுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.