படங்களுக்கு ஒரு ஹாஸ்டல்

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி. மூணு பேர் பெஞ்சில் முழுக் குடும்பத்தையும் உக்கார வைத்துப் படமெடுத்துப் பிழைத்தவன் நான், இடமில்லை என்கிற பேச்சே என்னிடம் எடுபடாது. போட்டோத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: கையில் காசு புழங்கினால்தான் ஜனங்களுக்குத் தங்கள் மூஞ்சி ஞாபகத்துக்கு வரும். பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். நீங்களும் அன்றைக்கு என்னோடு ஈ ஓட்டினவர்கள்தானே.

ஒரே படக் கல்யாணம்

முன்பெல்லாம் எஸ்டேட் கல்யாணம் என்றால் பொண்ணு அழைப்பில் தொடங்கி மறுவீட்டு விருந்து வரைக்கும் நான் அங்கேயே கிடப்பேன். ஆல்பத்தைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். விலை விழுந்ததும் முதலில் விருந்துப் படம் போனது. அப்புறம் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கும் படம் போனது. ஒரு நாள் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். மகனுக்குக் கல்யாணம், எத்தனை படம் எடுக்கலாம் என்று கேட்டேன். ஒன்று என்றார். தாலி கட்டுகிறதையாவது தனியாக எடுக்கிறேன், காசுகூட வேண்டாம் என்றேன். கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"வேணாமுங்க தம்பி. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே படத்துல வந்துட்டா கல்யாணம் நடந்த மாதிரிதானுங்களே?"

சுவரில் தொங்கின கேத்தி

இந்த நிலைமையில் என் மச்சான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை பேசி வைத்துவிட்டார். மாசக் கடைசியில் வந்து சேரச் சொல்லித் தாக்கல் அனுப்பினார். மேகம் எப்போது விலகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணால் பனியனில் ஓட்டை தேட வேண்டும். நினைத்தாலே உள்ளங்கால் அரித்தது. உக்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும்.

அந்த வாரம் பெங்களூர்க்காரர் ஒருத்தர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் வேலையாம். சுவரில் நான் மாட்டியிருந்த கேத்திப் பள்ளத்தாக்குப் படத்தைப் பார்த்தபடியே நின்றார். மேலே பனி, நடுவில் ஊர், கீழே கேரட் பாத்தி. அடுத்த வருஷக் காலண்டருக்கு மலைப் படம் தேடுகிறோம், எங்கள் முதலாளி பார்க்க வேண்டும், வெப்சைட் இருக்கிறதா என்று கேட்டார். "படமெல்லாம் இந்தச் சுவத்துலதான் சார் இருக்கு" என்றேன். அவர் சிரித்தபடி கார்டைக் கொடுத்தார்:

"சுவரைப் பெங்களூருக்குக் கொண்டுபோக முடியாதே! மாசக் கடைசிக்குள்ளே ஒரு சைட்டு போட்டுட்டு போன் பண்ணுங்க."

மூணு வழி

நான் ஐந்தாவது வரைக்கும் போனவன். என் வீட்டுக்காரி சரோஜா கான்வெண்டில் பத்தாவது முடித்தவள். இரண்டு பேருமாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷாஜியின் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஷாஜி கூடலூர்க்காரன், பாதி தமிழ், பாதி மலையாளம். அவன் 'ஹோஸ்டிங், ஹோஸ்டிங்' என்று மூச்சு விடாமல் பேசினான். என் காதில் ஹாஸ்டல் என்றுதான் விழுந்தது. சரி, பிள்ளைகளைத் தங்க வைப்பது போலப் படங்களைத் தங்க வைக்கிற இடம் போல என்று நானும் தலையாட்டி, "ஹாஸ்டல் நல்லதாப் பாரு ஷாஜி" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்ப்யூட்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் சரோஜா சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு அவனையே மடக்கினாள்:

"அவரு சொல்றதுல என்ன தப்புங்க? காசில்லாம கெவுருமெண்டு ஹாஸ்டல், காசு கட்டி கான்வெண்ட் ஹாஸ்டல், ரெண்டும் இல்லீனா சொந்தக்காரங்க ஊடு. உங்க கம்ப்யூட்டர்லயும் இந்த மூணு வழிதானுங்களே?"

சைட்டு வாங்கின ஆள்

ஷாஜி கடையில் பேசினது நாங்கள் குடியிருக்கிற காந்தலுக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் பக்கம் சைட்டு என்றால் வீடு கட்டுகிற மனை. தேயிலைத் தோட்டத்தை வாங்க ஆள் கிடைக்காமல் ஊரே தவிக்கிறபோது போட்டோக்காரன் சைட்டு வாங்குகிறானாம்! புரோக்கர்கள் வந்தார்கள். கிழக்குப் பார்த்ததா என்றார்கள். கடைக்காரர் ஒருத்தர் தண்ணீர் வசதி விசாரித்தார்.

கடைசியாக ராமையா வந்தார். சிலோனிலிருந்து வந்த குடும்பம், எஸ்டேட்டில் வேலை நாளைக் குறைத்ததால் கூலிக்கு அலைந்துகொண்டிருந்தவர். சைட்டில் வாட்ச்மேன் வேலை கிடைக்குமா என்று தலையைச் சொறிந்தபடி கேட்டார். உக்கார வைத்து டீ கொடுத்து, இது கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற சைட்டு, அங்கே ஆளே தேவையில்லை என்று விளக்கினேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப அங்கேயும் ஆளைக் குறைச்சிட்டானுகளா?"

இலவச இடம்

முதலில் காசில்லாத வழியையே பிடித்தோம். ஷாஜி படங்களை ஏற்றினான். மலைப் படங்களோடு, அந்த ஒரே படக் கல்யாண ஜோடியையும் அவர்களிடம் கேட்டுப் போட்டேன். பொண்ணோட அப்பா சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு பெருமையாகப் பார்க்க வந்தார். படம் திறந்தது. அதன் தலைமேல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒரு விளம்பரமும் திறந்தது. இலவசமாக இடம் கொடுக்கிறவன் விளம்பரம் போட்டுத்தானே பிழைப்பான். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். ஷாஜிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நல்ல வரன் வேணுமா, ஆயிரக்கணக்கில் இருக்கு, இங்கே அமுக்குங்கோ" என்று படித்துக் காட்டினான்.

சொந்தபந்தம் மொத்தமும் என்னைப் பார்த்தது. பொண்ணோட அப்பா எழுந்து துண்டை உதறினார்:

"மஞ்சக் கயிறு இன்னும் காயலீங்க, அதுக்குள்ள எம்புள்ளைக்கு வேற மாப்பிள்ளை பாக்கச் சொல்லுதே உங்க சைட்டு!"

சொந்தக்காரர் ஊடு

அடுத்து சகலை. சரோஜாவின் தங்கச்சி புருஷன், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. எதற்கு வெளியாள், என் ஊட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓட விடுகிறேன், அதிலிருந்தே உலகம் பூரா பார்க்கலாம் என்றார். விளம்பரம் கிடையாது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் சைட்டு ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் இருக்காது. நான் ஸ்டூடியோவுக்கும் ஷாஜி கடைக்குமாக அலைந்தேன். கரண்டா, மழையா, லைனா என்று ஒன்றும் புரியவில்லை. சரோஜாதான் தங்கச்சியிடம் போனில் பேசிக் கண்டுபிடித்தாள். அந்தக் கம்ப்யூட்டருக்கும் கிரைண்டருக்கும் ஒரே பிளக்காம். கூப்பிட்டுக் கேட்டால் சகலை கொஞ்சமும் அசரவில்லை:

"மாவாட்டுற நேரம் போக மத்த நேரமெல்லாம் உங்க படம் ஜம்முனு தெரியும் சகலை!"

வாடகை இடம்

மாசம் முடிகிற நேரம். சரோஜா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், இனி காசு கட்டித்தான், நம் பேரில்தான். வாடகைக்கு இடம் பிடித்து ஸ்டூடியோ பேரிலேயே சைட்டு வந்தது. சைட்டின் அடியில், வந்து பார்க்கிறவர்களை எண்ணுகிற நம்பர் ஒன்றும் வைத்தான் ஷாஜி. ஒவ்வொரு தடவை போய்ப் பார்க்கும்போதும் நம்பர் ஏறியிருந்தது. மலை இறங்காமலே உலகம் நம்மைத் தேடி வருகிறது என்று அவன் தோளைத் தட்டினேன். ஷாஜி என்னைப் பாவமாகப் பார்த்தான்:

"சேட்டா, விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க. இது மொத்தமும் நீங்க வந்து பார்த்த கணக்குதன்னே."

வானம் மட்டும்

பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். அவருடைய முதலாளி சைட்டைத் திறந்தாராம். படம் மேலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்குகிறதாம். வெள்ளைப் பனியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமே இல்லையே' என்று மூடிவிட்டாராம். நாளைக்கு இன்னொரு தடவை திறக்கச் சொல்கிறேன், அதோடு சரி என்றார்.

படத்தைச் சின்னதாக்கினால் சட்டென்று திறக்கும் என்றான் ஷாஜி. ஆக்கிப் பார்த்தோம். கேரட் பாத்தி கோலப்பொடி சிந்தின மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைக்கு வெளியே போனேன், உள்ளே வந்தேன், திரும்பவும் வெளியே போனேன். மச்சானுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்றுகூட வாய்வரைக்கும் வந்தது. சரோஜா நாற்காலியை விட்டு எழவே இல்லை. பழையபடி பெரிய படத்தையே போடச் சொல்லி, அதற்கு மேலே ஒரு வரியைத் தானே இங்கிலீஷில் தட்டினாள். எனக்கு அர்த்தம் சொன்னாள்: 'இந்தப் படம் முழுசாகத் திறக்க ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம் ஆகும். எங்கள் மலை டீயாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திறந்த மாதிரி இருக்கும்.'

மறுநாள் மதியத்துக்குள் போன் வந்தது. முதலாளி காபி தவிர எதையும் தொடாதவராம். அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டு ஆள் அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னாராம். டீ வந்து, ஆறி, குடித்து முடிக்கிறபோது பனி விலகி, ஊர் வந்து, கேரட் பாத்தி வரைக்கும் கேத்தி மொத்தமும் இறங்கி நின்றதாம். பெங்களூர்க்காரர் விடவில்லை. "படமும் வேணும், அந்த வரியும் வேணும், அப்படியே காலண்டரில் போடப் போகிறோம், எழுதினது யாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சரோஜா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்:

"நான்தானுங்க எழுதினேன். படம் அவருது, வரி என்னுதுங்க. ரெண்டுக்கும் தனித்தனி ரேட்டுங்க."

ஸ்டூடியோவைப் பூட்டாமல் நான் மலையிலேயே தங்கிவிட்டேன் என்பதுவரை சொல்லலாம், ஆனால் அந்தக் காலண்டரில் படத்துக்கு அதிகம் வந்ததா வரிக்கு அதிகம் வந்ததா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், பக்கத்தில் அவள் உக்கார்ந்திருக்கிறாள்.