அத்தானின் காரில் ஒரு முனகல்

அத்தானை நினைத்தால், அவர் தன் ஸ்டெதஸ்கோப்பைக் காருக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலைநேரம்தான் முதலில் வருகிறது. கரவெட்டி வீட்டு முற்றத்தில் காரின் பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரண்டு பக்கமும் தடித்த மரக்குற்றிகளை முட்டுக் கொடுத்திருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பாயொன்றை விரித்து அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. என் அக்கா குசினி வாசலில் நின்று, அந்தக் காருக்கு ஒரு குளிசையும் எழுதிக் கொடுங்கள் என்று அந்தக் கால்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில், டொக்டருக்கு அடுத்த நிலையில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் டொக்டர். ஓய்வுக்குப் பிறகும் பின்னேரங்களில் முன்னறையில் நோயாளிகளைப் பார்த்தார். சிறுபிள்ளைகளின் நெஞ்சுச் சளிக்கு அவரிடம் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று தாய்மார் நம்பினார்கள். அவருக்கும் அதுதான் உயிர். மத்தியானச் சாப்பாடு பிந்தினாலும் பொறுப்பார், பின்னேரம் படலை திறக்கும் சத்தம் கேட்காவிட்டால் முகம் வாடிவிடும்.

கார் அவர் மலைநாட்டில் வேலை பார்த்தபோது ஒரு தோட்டத்து அதிகாரியிடம் வாங்கியது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, தாழ்ந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஒரு குடும்பஸ்தன் வாங்கக்கூடிய வாகனமா அது? பிள்ளைகள் இரண்டு பேரும் தன் மடியிலும் தோளிலும்தான் வளர்ந்தார்கள் என்று அக்கா சொல்லிக் காட்டாத நாள் இல்லை. முதுகுநோ வந்த பிறகு அவள் அதில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டாள். அடுத்த வளவில் இருந்த எனக்கு அந்த ஆசனம் கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் வயலின் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சுருதி பிடிக்கிற காது காருக்கும் உதவும் என்பது அத்தானின் கணிப்பு.

ஒரு மாசி மாதத்தில் காரின் பின்பக்கத்திலிருந்து முனகல் வரத் தொடங்கியது. அத்தான் அதை நோயாளியை விசாரிப்பதுபோலவே விசாரித்தார். எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் கூடுகிறது, எதில் குறைகிறது. மலைநாடென்றால் ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று என்று சோதிக்கலாம். எங்கள் ஊரோ தட்டுப்போல் கிடக்கிறது. அதனால் காற்று எழும்புவதற்கு முன், விடியலில் வல்லை வெளிக்குப் போவோம். இரண்டு பக்கமும் உப்புத்தரை, நடுவில் நேரான ரோட்டு, வீடு வாசல் ஒன்றும் கிடையாது. அத்தான் வேகம் எடுத்து, பிறகு கியரை விடுவித்துக் காரைத் தன்பாட்டில் ஓட விடுவார். இஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கும். முனகல் மட்டும் அதே சுருதியில் நின்று, கார் வேகம் தணிகிற அளவுக்கே இறங்கி வரும். அப்படியென்றால் குற்றம் இஞ்சினிலும் இல்லை, கியர்பெட்டியிலும் இல்லை. ரோட்டில் ஆளில்லாதபோது காரை இடமும் வலமுமாக வளைத்துப் பார்த்தார். சில்லின் பேரிங் என்றால் பாரம் விழுகிற பக்கத்தில் சத்தம் கூடும். கூடவில்லை. காலை அழுத்தினால் முனகல் தடிக்கும், காலை எடுத்தால் மெலியும். மிஞ்சியது டிபரன்ஷல்தான். பின் சில்லுகள் இரண்டுக்கும் நடுவில், இஞ்சினின் சுழற்சியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி அது.

உண்மையில் அந்த முனகலில் இரண்டு சத்தங்கள் இருந்தன. கீழே ஒரு தடித்த உறுமல், அதற்கு மேலே ஊசிபோல ஒரு விசில். அவருக்கும் இரண்டும் கேட்கிறது என்றே நினைத்திருந்தேன். அதனால் அதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பழைய எண்ணெயை இறக்கித் தடித்த புது எண்ணெய் விட்டார். உறுமல் போய்விட்டது. அத்தானுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவை இதே காரில் கிளிநொச்சிக்கு, மகள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். முதுகுநோவை மறந்து அக்காவும் ஓம் என்றாள். எனக்கு மட்டும் அந்த விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. டிபரன்ஷல் உள்ளே இறுகினால் ஓடுகிற ஓட்டத்திலேயே பின்சில்லுகள் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லித் தந்ததே அத்தான்தான்.

கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்றுதான் அந்தக் காலையில் அவர் காரைத் தூக்கி நிறுத்தினார். நான் ஓட்டும் ஆசனத்தில் இருந்து, அவர் சொன்னபடி கியரைப் போட்டேன். பின்சில்லுகள் அந்தரத்தில் சுழன்றன. அத்தான் கீழே கிடந்து, டிபரன்ஷல் பெட்டியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஆறுதலாகக் கேட்டார். பிறகு, சுகம், பூரண சுகம் என்றார். ஆசனத்தில் இருந்த எனக்குக் குழாய் ஒன்றும் இல்லாமலே அந்த விசில் கேட்டது. இஞ்சினை நிறுத்தினேன். காரைப் பற்றி மட்டும் என்றால் உடனே சொல்லியிருப்பேன். பின்னேரம் முன்னறைக்கு வரப்போகிற தாய்மாரும் பிள்ளைகளும் என் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

"அத்தான், சத்தம் நிக்கேல்லை. எனக்கு இதிலை இருக்கவே கேட்டது" என்றேன்.

அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை என்னிடம் தந்து, தானே ஏறி இஞ்சினை இயக்கினார். நான் பாயில் படுத்து, பெட்டியில் வைத்த உடனேயே காது கூசிக் குழாயைக் கழற்றிவிட்டேன். அதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சினை நிறுத்தி இறங்கியவர் முதலில் கருவியைத்தான் சோதித்தார். குழாயை நீவினார், காதில் வைக்கும் முனைகளைத் துடைத்தார், தட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

மரக்குற்றிக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். "இழுப்பு வாற பிள்ளையளின்ரை நெஞ்சிலையும் உப்பிடி மெல்லிசாத்தான் கேக்கும், பிள்ளை" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. மழைக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்ததே, நெஞ்சு சுத்தம் என்று சொல்லி அனுப்பினேனே என்று யோசித்து யோசித்துச் சொன்னார். அப்போதே எழும்பி, உடம்பு கூடக் கழுவாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பிள்ளை முற்றத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்ததாம். திரும்பி வந்து அதைச் சொன்னபோதுதான் அவருடைய குரல் உடைந்தது.

அன்று பின்னேரம் முன்னறைக் கதவு திறக்கவில்லை. வந்தவர்களைப் படலையடியிலேயே நின்று சந்தித்தார். சாட்டு ஒன்றும் சொல்லவில்லை. தனக்குக் காது குறைந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தன் வாயாலேயே சொன்னார். பல ஆண்டுகள் அந்தப் படலையால் உள்ளே வந்து பழகியவர்கள் தயங்கித் தயங்கித் திரும்பினார்கள். அக்கா தேத்தண்ணியுடன் அவருக்குப் பின்னால் நின்றாள். நக்கல் ஒன்றும் வரவில்லை.

கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போனார்கள். காரை நெல்லியடியில் ஒரு கராச்சில் விட்டு, டிபரன்ஷலைப் பிரித்துத் தேய்ந்த பேரிங்கை மாற்றினார்கள்.

அத்தான் இப்போது இல்லை. கார் அவருடைய கிளிநொச்சி மருமகனிடம் இருக்கிறது. அவன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான், காருக்குள் என்ன சத்தம் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. நான் அதில் போகும்போதெல்லாம், கராச்சிலிருந்து கார் வந்த மறுநாள் விடியலில் அத்தானோடு வல்லை வெளியில் போன ஓட்டம் நினைவுக்கு வரும். நேரான ரோட்டில் வேகம் எடுத்தார், காலை எடுத்தார், மறுபடி அழுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப?" என்று கேட்டார்.

"இல்லை, அத்தான். சுத்தமா நிண்டிட்டுது."

பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் தன் காதால் ஒருதரம் கேட்காமல் நம்பாத மனிதர். அன்று என் வாயைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, காரை இன்னும் வேகமாக விட்டார்.