விருந்தினர் புத்தகத்தில் இருந்த மூன்று வாரங்கள்

2023 நவம்பர் 4, சனிக்கிழமை. காலை பத்தே காலுக்கு நெவில் ஆட்டவெல் தன் கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். உறைபனிக்கு முன் வடிக்காவிட்டால் குழாய்கள் வெடித்துவிடும். கை திருகைத் திறந்தது. வாய் கேரவன் பூங்காவின் மேலாளரைத் திட்டியது.

“பதினோரு வாரமாம்! ஒரு கோடை முழுக்க வாடகைக்குப் போனது பதினோரே வாரமாம்! வாயத் தொறந்தா பொய்.”

“கத்தாத, வாத்தே,” என்றார் படியில் நின்ற அவர் மனைவி பிரெண்டா. நாட்டிங்ஹாம்காரர்களுக்குப் பிரியமானவர்கள் எல்லாரும் வாத்துதான். “பக்கத்து கேரவன்காரங்களுக்குக் கேக்குது.”

“கேக்கட்டும். அவங்களுக்கும் இவன்தானே மொட்டையடிக்கிறான்!”

முப்பத்தொன்பது ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போட்டவர் நெவில். ஓய்வுப் பணத்தைக் கொட்டி, 2016-இல் லிங்கன்ஷயர் கடலோரப் பூங்காவில் இந்தக் கேரவனை வாங்கினார். முப்பத்தைந்து அடி நீளம், இரண்டு படுக்கையறை. சக்கரங்கள் பேருக்குத்தான், நின்ற இடத்தை விட்டு நகராது. அன்று மேலாளர் கிரெய்க் டன்னார்ட் தேநீர் கொடுத்துச் சொன்னான்: “நீங்க வராத வாரம் நாங்க வாடகைக்கு விட்டுடுவோம். இது செலவ இதுவே பாத்துக்கும்.”

பார்த்துக்கொள்ளவில்லை. கேரவன் நிற்கும் இடத்துக்காகப் பூங்காவுக்குக் கட்ட வேண்டிய இந்த ஆண்டு இடவாடகை 5,480 பவுண்டு. டிசம்பர் முதல் தேதிக்குள் கட்டாவிட்டால் கேரவனை இழுத்து வெளியே போடுவார்கள். பூங்காவின் கழிவு போக வாரத்துக்கு 400 வீதம் பதினோரு வாரத்துக்கு 4,400. குறைவது 1,080. அவரிடம் அது இல்லை. பிரெண்டாவுக்கோ மூச்சிரைப்பு, இந்தக் கடல் காற்றில்தான் தலையணைகளை அடுக்காமல் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவார்.

தண்ணீர் வடிந்து முடிந்தபோது, குளிர்காலத்துக்காக உள்ளே சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த பிரெண்டா குரல் கொடுத்தார்.

“நெவில், இங்க வா. விருந்தினர் புத்தகத்தப் பாரு.”

அந்த நாட்டில் வாடகைக்கு வருகிறவர்கள் முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் போவார்கள். மேசைமேல் இருக்கும் புத்தகத்தில் நன்றி எழுதாமல் போகமாட்டார்கள். பிரெண்டா வாசித்தார்: “ஜூலை 15 முதல் 22 வரை. லெஸ்டரிலிருந்து பிரிண்டில் குடும்பம். அருமையான வாரம். ஷவரில் நல்ல சுடுதண்ணீர். எங்கள் மூன்று நாய்களையும் குளிப்பாட்டினோம்.”

கிரெய்க்கின் பட்டியலை நெவில் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அதே வாரத்துக்கு நேரே ‘கொதிகலன் பழுது, வாடகை இல்லை’ என்று இருந்தது. ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய வாரத்துக்கும் அதே. ஆகஸ்ட் 26-க்கும் அதே. புத்தகத்திலோ அந்த இரண்டு வாரங்களுக்கும் ஆட்கள் இருந்தார்கள், கையெழுத்தோடு.

நெவிலின் காது மடல்கள் சிவந்தன. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முழங்கால் சேற்றோடு பூங்கா அலுவலகத்துக்கு நடந்தார். பிரெண்டா இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

“வாங்க, மிஸ்டர் ஆட்டவெல்! டீ போடட்டுமா?”

“வேணாம். அன்னைக்கு டீயக் குடிச்சுத்தான் ஏமாந்தேன்.” புத்தகத்தை மேசையில் அறைந்தார். “படி.”

கிரெய்க் படித்தான். பட்டியலைப் பார்த்தான். “கம்ப்யூட்டர்ல ஏதோ குளறுபடி...”

“குளறுபடின்னா ஒரு தடவையாவது என் பக்கம் சாயணும். ஏழு வருஷமா உன் பக்கமே சாயுதே, அது எப்படி?”

“கொதிகலன் நெஜமாவே ரிப்பேர், சார்.”

“அப்ப அந்த மூணு நாய் குளிச்ச தண்ணிய எது சுட வெச்சுது, தம்பி?” என்றார் பிரெண்டா, இரைப்புக்கு நடுவே. “உன் மூஞ்சியா?”

வரிசையில் நின்ற இரண்டு உரிமையாளர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தங்கள் கேரவன் புத்தகங்களை எடுத்துவரக் கிளம்பினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கிரெய்க் பேனாவை எடுத்தான்: 1,200 பவுண்டு, இடவாடகையில் வரவு. தாளை நீட்டினான்.

“‘நல்லெண்ண அடிப்படையில்’னு எழுதியிருக்க. என் பணத்த எனக்குக் குடுக்க உனக்கு எதுக்குடா நல்லெண்ணம்? அத அடி.”

அடித்தான். அடித்த இடத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கேரவன் அதன் இடத்திலேயே நின்றது.

2024 மார்ச் 16, குளிர்காலத்துக்கு மூடியிருந்த பூங்கா திறந்த முதல் சனிக்கிழமை. கேரவன் கதவில் ஒரு சுற்றறிக்கை தொங்கியது: சுகாதாரக் காரணங்களுக்காக, வாடகைக்கு விடும் கேரவன்களில் விருந்தினர் புத்தகம் வைக்கக் கூடாது.

நெவில் அதை இரண்டு தடவை படித்தார். போய்த் திருப்புளியை எடுத்து வந்தார். பிரெண்டா புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, பின்னட்டை வழியாக நான்கு திருகாணிகளை மேசைப் பலகைக்குள் இறக்கினார்.

“இப்ப எடுக்கட்டும், மேசையோட.”

பிறகு ஷவரைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, குனிந்து, புதுப் பக்கத்தின் முதல் வரியை எழுதினார்: ‘மாலை 4.10. வெந்நீர் வருகிறது. கொதிகலனில் ஒரு குறையும் இல்லை. நெ. ஆட்டவெல், உரிமையாளர்.’