சத்தம் நின்றதும் பந்தை அமுக்கியவர்

1. பந்து

எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட ஆரம்பித்ததும் பயந்துபோய் ரப்பர் பந்தை அமுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "என்னை வெளியே எடுங்கள்" என்று சொல்வதற்காகக் கையில் கொடுக்கும் பந்து அது. மெஷின் நின்ற பிறகு அதை அமுக்கியவர் முனிராஜ் ஒருவர்தான்.

ஓசூரில் ஒரு ஸ்கேன் சென்டரில், கூட்டம் குறைந்த மதிய வேளையை எங்கள் ஆய்வுக்கு எடுத்திருந்தோம். விபத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மனம் சோர்ந்துபோன தொழிலாளர்களின் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன, எங்கே அந்தத் தொடர்பு தளர்கிறது என்று, சோர்ந்தவர்கள் ஒரு குரூப், பிரச்சனை இல்லாதவர்கள் ஒரு குரூப் என்று பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பது வேலை. கனெக்டிவிட்டி என்போம். ஆள் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா படுத்திருக்க வேண்டும். அதற்கு ரெஸ்டிங் ஸ்டேட் என்று பெயர். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

முனிராஜ், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். பக்கத்து பிரஸ்ஸில் நண்பரின் கை மாட்டிக்கொண்டதை நேரில் பார்த்தவர். அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்த மனநல மருத்துவர்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார். வெளியே இழுத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னாச்சுங்க, சத்தம் பயமா இருந்துச்சா?"

"சத்தம் ஒண்ணும் பண்ணலீங்க மேடம். அது பாட்டுக்கு ஓடிச்சு."

"அப்புறம் ஏன் அமுக்குனீங்க?"

"தெரியலீங்க."

எனக்கும் தெரியவில்லை.

2. அவுட்லையர்

டேட்டாவைப் பார்த்தபின் குழப்பம் இன்னும் கூடியது. என்னோடு வேலை செய்த பிரகாஷ், ஜூஜுவாடி சோதனைச் சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டு காரிலிருந்தே போன் செய்தான்.

"மேடம், கேள்வித்தாள் ஸ்கோர் பாத்தா கடுமையான டிப்ரெஷன். ஸ்கேன் பாத்தா எந்தப் பிரச்சனையும் இல்லாத ஆளு மாதிரி இருக்காரு. அவுட்லையர்னு தூக்கிடலாமா?"

பொறு என்றேன். கணக்குக்கு ஒத்துவராதவரைத் தூக்கிப் போட எங்கள் தொழிலில் இப்படி ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது.

அன்றைக்கே முனிராஜின் கம்பெனி ஹெச்.ஆர். அதிகாரியும் கூப்பிட்டார். "ஸ்கேன் நார்மல்னா அவரை மறுபடி பிரஸ்ஸுக்கே போட்டுடுறோம் மேடம். இல்லேன்னா ஸ்டோர்ஸ். அங்க சத்தமே இருக்காது. ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

முனிராஜின் சம்மதமில்லாமல் எதையும் சொல்ல முடியாது, சொன்னாலும் பயனில்லை, இது பலரைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு, ஒரே ஒருவருடைய ஸ்கேனை வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது என்று விளக்கினேன்.

"இவ்ளோ பெரிய மெஷின் வச்சிருக்கீங்க" என்று இழுத்தார்.

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த மனுஷனை எங்கே நிறுத்தி வேலை வாங்குவது?

3. கிரைண்டர்

அடுத்த வாரம் முனிராஜ் தன் மனைவி மஞ்சுளாவோடு வந்தார். மஞ்சுளாதான் பேசினார்.

"ஸ்டோர்ஸ் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க மேடம். ஒரு நாள் போட்டுப் பாத்தாங்க, பாதியில எந்திரிச்சு வந்துட்டாரு. இன்னொருக்கா இப்பிடி வந்தா வேலையே போயிரும்."

"வீட்டுல தூங்குறாரா?"

"கிரைண்டரைப் போட்டு விட்டா தூங்குவாரு."

"மாவாட்டவா?"

"வெறுங் கிரைண்டருங்க. கொஞ்சம் தண்ணி ஊத்தி ஓட விடுவேன். நிறுத்துனா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. இட்லிக் கடை போடப் போறீங்களான்னு பக்கத்து வூட்டுல கேக்குறாங்க." சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே அழுகை வந்துவிட்டது.

முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான்தாங்க எமர்ஜென்சி பட்டனை அடிச்சேன். எங்க லைன்ல ஒண்ணை அடிச்சா மொத்தமும் நின்னுரும். நின்னதுக்கு அப்புறந்தான் அவன் கத்துனது காதுல விழுந்துச்சு."

பிரஸ் சத்தம்தான் இவரைப் பயமுறுத்தும் என்று மருத்துவர், கம்பெனி, நான் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்திருந்தோம். ஸ்கேன் மெஷின் கடகடத்த நேரம்தான் இவருக்கு நிம்மதி; நாங்கள் பதிவு செய்தது அதை மட்டுந்தான். அது நின்ற நேரத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

அல்லது மெஷினுக்குள் அவர் தூங்கியிருக்கலாம். தூக்கத்திலும் கனெக்டிவிட்டி மாறும். எது காரணம் என்று சத்தியம் செய்ய இன்றைக்கும் என்னால் முடியாது.

அவர் சம்மதத்தோடு, மஞ்சுளா சொன்னதை மருத்துவரிடமும் ஹெச்.ஆரிடமும் சொன்னேன். ஸ்கேனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அசெம்பிளி ஹாலில், கன்வேயர் ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில் வேலை கொடுத்தார்கள். அமைதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் சிகிச்சையை மருத்துவர் தொடங்கினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஆளைப் படுக்கவைக்கும் முன், சத்தம் கஷ்டமா, சத்தம் நிற்பது கஷ்டமா என்று கேளுங்கள். பலரும் சிரிப்பார்கள். சிரிக்காதவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.

சில மாதம் கழித்து மஞ்சுளா போன் செய்தார்.

"நேத்து கிரைண்டரை நிறுத்திப் பாத்தேன் மேடம். அவரு பாட்டுக்குத் தூங்குனாரு. எனக்குத்தான் தூக்கம் வரல."

மஞ்சுளாவை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.