கிளிமஞ்சாரோவில் நான் சொன்ன பொய்

நெல்லியடியில் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறவே ஏணி பிடிக்க ஆள் தேடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் தன்சானியாவில் கணக்குப் படிப்பித்த நாட்களில், பனி மூடிய கிளிமஞ்சாரோ எரிமலையில் ஏறப் போனேன். எனக்கே என்மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

கூட வந்தவர் என்னோடு படிப்பித்த சாவகச்சேரிக் குணம். மேலே போகையில் வழிகாட்டி ஒரு மொட்டைப் பாறையைக் காட்டி, தன் இளவயதில் பனிப்பாறை இந்த இடம்வரை இருந்தது என்றார். இப்போது அது வெகு மேலே, உச்சியோரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, அடுத்த முறை வர உதுவும் இராது. இண்டைக்கே தொட்டிட வேணும்," என்றார் குணம்.

எனக்கோ தலை பிளந்தது. தலையிடித்தால் உடனே இறங்கவேண்டும் என்று சொல்லி வழிகாட்டி அடிக்கடி விசாரித்தார். ஒவ்வொரு முறையும் "சுகம்" என்றேன். நான் ஒளித்து வாந்தி எடுத்ததைக் குணம் கண்டுவிட்டார். "சொல்லிப்போடாதேங்கோ, திருப்பி அனுப்பிப்போடுவான்!" என்று அவரிடம் கெஞ்சினேன்.

பனிக்கு நூறடி இருக்கையில் கால்கள் பின்னின. என் பெயரைக் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உன் பொய்யை இனி நான்தான் முதுகில் சுமக்க வேண்டும்!" என்று கத்திய வழிகாட்டி, சுமந்தே இறக்கினார்.

கீழே வந்து தெளிந்ததும் குணம், "சீ, நூறடிதானே அண்ணை!" என்றார்.

"உம்மடை நூறடியிலை என்னைப் புதைச்சிருப்பாங்களடாப்பா!" என்று சீறினேன்.

அந்தப் பனி உருகி முடிய இன்னும் பல வருடம் எடுக்கும். என் கதை முடிய ஒரு காலைப்பொழுதே போதுமாயிருந்தது.

இப்போது எந்த நோய் வருத்தத்தையும் நான் மறைப்பதில்லை. ஊரில் யாராவது "உச்சிக்குப் போகேல்லையோ, மாஸ்டர்?" என்று இளித்தால், "இல்லை. தலையிடிச்சது, பொய் சொன்னன், ஒருத்தன் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவன்," என்று முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.