நாய் சாகாத புத்தகம்

புதிய புத்தகம் ஒன்று கைக்கு வந்ததும் மார்லிஸ் டாலெஃப்சன் அதைக் கவிழ்த்துப் போட்டுக் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உதடு அசைய, கடைசி அத்தியாயத்தை நின்றபடியே படித்து முடிப்பார். முடிவு நன்றாக இருந்தால் புத்தகம் மேசையின் வலப்பக்கம் போகும். யாராவது ரயிலில் பிரிந்து போனாலோ, நோயில் படுத்தாலோ, தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தாலோ இடப்பக்கம். "தனியா உக்காந்து டீ குடிக்கிறதுக்கு ஒரு புத்தகமா? அத நான் வீட்டுலயே பண்றேனே!" என்பார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில், ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். நூலகம் என்பது இரண்டு அறைகளும் மார்லிஸும். வாசலில் பனிக்காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதனால் எங்கள் ஊரில் யாருடைய காலுறையில் எங்கே ஓட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் உள்ளூர் வானொலியில் ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன். மாட்டுத் தீவனக் கடையின் மாடியில் எங்கள் நிலையம். முதல் பனி விழுந்ததிலிருந்து ஏரியின் பனிக்கட்டி உடையும்வரை ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும் மார்லிஸ் மூச்சிரைக்கப் படியேறி வருவார். படிக்க ஒன்று, பார்க்க ஒன்று, கேட்க ஒன்று என்று மூன்றைச் சொல்லிவிட்டுப் போவார்.

சொல்வது என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் சொல்வது போலத்தான். "கார்ல், நீ கேட்டுக்கிட்டு இருக்கன்னு எனக்குத் தெரியும். போன மாசம் வாங்கிட்டுப் போன படத்தத் திருப்பிக் குடு, உன் மச்சினி காத்துக்கிட்டு இருக்கா." அதற்குப் பிறகு கலங்கரை விளக்கத்தில் வாத்து வளர்க்கும் ஒருத்தியின் கதை வரும். தண்ணீரில் மிதக்காத படகைக் கட்டும் இரண்டு சகலைகளைப் பற்றிய படம் வரும். பக்கத்து மாவட்டத்துக் குதிரை லாட வியாபாரி வாசித்த அக்கார்டியன் இசைத்தட்டு வரும். ஒவ்வொன்றின் முடிவையும் வெளிப்படையாகப் போட்டு உடைத்துவிடுவார். "கடைசியில ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறாங்க, பயப்படாமப் படிங்க." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்குள் இருட்டிவிடுகிற ஊரில், முடிவு தெரியாமல் இருப்பதை யாரும் இன்பமாக நினைப்பதில்லை.

மாதத்துக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார். நவம்பரில் எல்லோருக்கும் இன்னும் தெம்பு இருப்பதால் கொஞ்சம் அறிவான புத்தகம் சொல்லலாம். ஜனவரியில் தடித்த புத்தகம், தலைமுறை தலைமுறையாகப் போவது. பிப்ரவரி வந்தால் சிரிப்பு மட்டும்தான். "பிப்ரவரியில யாருக்கும் அறிவு வேண்டாம். அந்த மாசம் புருஷன் மெல்லுற சத்தமே பொண்டாட்டிக்குப் பிடிக்காது." மார்ச்சில் சமையல் படங்கள். பாட்டு என்றால் அவருக்குக் காலால் தாளம் போட முடிய வேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு பொருள் பிடித்துவிட்டால் "பரவாயில்ல" என்போம். மிகவும் பிடித்துவிட்டால் "ரொம்பப் பரவாயில்ல". பிடிக்காவிட்டால் "வித்தியாசமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவோம். முகத்துக்கு நேரே ஒன்றை மோசம் என்று சொன்னவர் இங்கே பிறக்கவில்லை. மார்லிஸ் தன் பரிந்துரை எடுபட்டதா என்பதை, திருப்பிக் கொடுக்க வருகிறவர் வானிலைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறார் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

இந்தக் கடைசிப் பக்க வழக்கம் அவருடைய தம்பி டேல் ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில் தொடங்கியது. மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று யாரோ ஒரு நாவலைக் கொடுத்தார்கள். படுக்கையருகில் உட்கார்ந்து அதை அவனுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில் கதாநாயகன் அதே நோயில் செத்துப்போகிறான். "டேல் என்னப் பாத்தான். நான் அவனப் பாத்தேன். அப்புறம் அவன்தான் என்னச் சமாதானப்படுத்தினான்" என்று ஒருமுறை சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கொல்லைப் பனியில் வீசிவிட்டார். பனி உருகும்போது அது இரண்டு மடங்கு ஊதிப்போய் வெளியே வந்ததாம். அதைப் பார்க்க டேல் உயிரோடு இல்லை.

எனக்கு அழவைக்கும் புத்தகங்கள்தான் பிடிக்கும். இதை ஒளிக்காமல் அவரிடம் சொல்லியிருக்கிறேன். "அக்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சா அது கதையா, சோப்பு விளம்பரமா?" என்று சீண்டுவேன். "நீ வெயில் காலத்துல வாடா கர்ட். அப்ப உனக்கு ஒரு வண்டி பொணம் தர்றேன்" என்பார். சோகமான படம் ஓடினால் அறையை விட்டே எழுந்து போய்விடுவார். பாதிப் படத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு "அடுப்புல வெச்சது" என்று ஏதோ முணுமுணுத்தபடி போன மார்லிஸை ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கிறோம்.

அவருடைய பேச்சில் மிகப் பெரிய உத்தரவாதம் ஒன்று உண்டு. "நாய் சாகாது. நான் பாத்துட்டேன்." இதைச் சொல்லிவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு வரிசை நிற்கும்.

இந்த உத்தரவாதத்தை நம்பித்தான் போன குளிர்காலம் ரெய்னோ மட்டிலா நூலகத்துக்கு வந்தார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடங்களாகிவிட்டன. அதன் பிறகு வீட்டில் இருந்தது முஸ்தி என்ற கறுப்பு நாய் மட்டும்தான். அதுவும் செத்துப்போக, மண் பனியில் இறுகுவதற்குள் அக்டோபரிலேயே புதைத்துவிட்டார். வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்காத மனிதர். வண்டி பள்ளத்தில் இறங்கிக் கிடந்தாலும் "இங்க சும்மா நிக்கிறேன்" என்பாரே தவிர, தள்ளிவிடு என்று சொல்லமாட்டார். அந்த ரெய்னோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு மார்லிஸின் மேசை முன் நின்றார். நான் அன்று ஒரு படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"கண்ணு சரியாத் தெரியல. காதால கேக்கறது ஏதாச்சும் இருக்கா? நாய் வரணும். கடைசி வரைக்கும் இருக்கணும்."

மார்லிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியெல்லாம் துழாவி, பண்ணை நாய் ஒன்றைப் பற்றிய ஒலிப்புத்தகத்தை எடுத்து வந்தார். கடைசி சிடியை மட்டும் அங்கேயே போட்டுக் கேட்டார். நாய் புல்வெளியில் ஓடியது, கிழவனின் மடியில் தலை வைத்தது, கதை முடிந்தது. "நாய் சாகாது ரெய்னோ. நான் கேட்டுட்டேன்" என்று அவர் கையில் வைத்தார். ரெய்னோ தலையாட்டினார்.

அதோடு சரி. கிறிஸ்துமஸ் வந்து போனது, ரெய்னோ வரவில்லை. தவணை தாண்டியும் சிடி திரும்பவில்லை. தபால் அலுவலகத்தில் மார்லிஸைக் கண்டால் ரெய்னோ அடுத்த வாசல் வழியாகப் போய்விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். "மறந்திருப்பாரு" என்றார் மார்லிஸ். ஆனால் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, தன் சிரிப்புச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, அதே கதையை வானொலியில் சொன்னார், நாய் சாகாது என்ற உத்தரவாதத்தோடு. நிகழ்ச்சி முடிந்து பாட்டு போட்டதுமே தொலைபேசி அடித்தது. தபால் அலுவலகத்து அர்டிஸ்.

"மார்லிஸ், தப்பா நெனச்சுக்காத. அந்தப் புத்தகத்த நான் படிச்சிருக்கேன். கதை... கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு. அந்த நாய் பாதியிலயே போயிடுதும்மா. கொட்டாய்ல போய்ப் படுத்து, சாப்பாட்ட விட்டு, பக்கம் பக்கமா சாவுது. கடைசியில வர்றது அதோட குட்டி. கிழவன் அதுக்கும் அதே பேர வெச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் முடிவை மட்டும் படித்த மனுஷிக்கு இது வேண்டும் என்றுகூடத் தோன்றியது. மார்லிஸ் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்தபடி "ரெய்னோ" என்றார். என் சிரிப்பும் நின்றுபோனது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வந்து கேட்ட மனிதனுக்கு அதே அடியைத் திரும்பக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அவர் இனி யாரிடமும், எதையும் கேட்கப் போவதில்லை.

"வண்டிய எடு" என்றார்.

ரெய்னோ குளிர்காலம் முழுவதும் உறைந்த ஏரியின் மேல் தன் மீன்பிடிக் குடிலில்தான் இருப்பார். மார்லிஸுக்கு ஏரியின் மேல் போவதென்றால் உயிர் போய்விடும். பனிக்கட்டியில் ஓட்டும்போது நாங்கள் பெல்ட் போடமாட்டோம், கண்ணாடியை இறக்கிவிடுவோம். உள்ளே விழுந்தால் வெளியே வரவேண்டுமே. குளிர்காற்று முகத்தில் அறைய, ஏலக்காய் ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வந்தார்.

ரெய்னோ கதவைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். "காப்பி?"

"வேண்டாம், வேண்டாம்."

"கொஞ்சமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"ஏற்கெனவே போட்டதுதான்."

"அப்ப அரைக் கப்பு."

மரியாதை முடிந்து மூவரும் உட்கார்ந்தோம். பெட்டி போன்ற அறை, சின்ன விறகடுப்பு, தரையில் பனியைத் துளைத்த வட்டம். கறுப்புத் தண்ணீரில் ரெய்னோவின் தூண்டில் நூல் இறங்கியிருந்தது. மேல்தட்டில் சிடி ஓட்டும் பெட்டி, உள்ளே நூலகத்துச் சிடி. மீன் எப்படி, காற்று எப்படி என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு மார்லிஸ் கப்பைக் கீழே வைத்தார்.

"ரெய்னோ, நான் கடைசிய மட்டும்தான் கேட்டேன். நடுவுல அது செத்துப்போகுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே தெரியும்னு சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

எங்கள் ஊரில் யாரும் இப்படி நேராகப் பேசி நான் கேட்டதில்லை. ரெய்னோ அடுப்பைப் பார்த்தார்.

"நான் முழுசாக் கேக்கவே இல்லம்மா. அது கொட்டாய்க்குள்ள போச்சு. கிண்ணத்துல வெச்ச சாப்பாட்டத் திரும்பிப் பாக்கல. அங்கயே நிறுத்திட்டேன்."

"அப்ப ஏன் நீங்க வரவே இல்ல?"

"எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. பாதிதான் கேட்டேன்னு சொல்லணும். ஏன்னு கேப்ப." அவர் தோளைக் குலுக்கினார். "அவ்வளவு தேடி எடுத்துக் குடுத்த. உன் மனசு சங்கடப்படும்."

மார்லிஸின் முகம் சிவந்துபோனது. ரெய்னோ தன்னால் நொந்துபோய் வராமலிருந்தார் என்று நினைத்தால், அவர் மார்லிஸின் மனம் நோகக்கூடாதென்று ஒளிந்து திரிந்திருக்கிறார்.

"அது செத்துடுது ரெய்னோ" என்று மெதுவாக மறுபடி சொன்னார்.

"சாப்பாட்ட விட்ட நாய் எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?" தூண்டில் நூலைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். "அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்க ஆசைதான். தனியா முடியல."

வாசலைப் பார்த்தேன். மார்லிஸ் எழுந்துவிடுவார், அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன். எழுந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மேல்தட்டுக்குக் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார், திரும்பி வந்து ரெய்னோவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிடி விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. வாசிப்பவர் அவசரப்படாத குரல்காரர். கிழவன் கொட்டாய்க்குள் வைக்கோலைப் பரப்புகிறான், நாயின் பக்கத்தில் படுக்கிறான், அதன் காதைத் தடவிக்கொண்டே அன்று களத்தில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்கிறான். மார்லிஸ் முழங்காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நாயின் மூச்சு நிற்கும் இடம் வந்தபோது ரெய்னோவின் தாடை நடுங்கத் தொடங்கியது. ஒரு கையில் தூண்டில், மறு கையில் காப்பிக் கப்பு. முகத்தை மறைக்க அவருக்குக் கை இல்லை.

மார்லிஸ் அவர் கையிலிருந்து தூண்டிலை மெல்ல வாங்கிக்கொண்டு, மறுபுறம் திரும்பி, மீன் கடித்துவிட்டதோ என்று பார்க்கிறவர் போலக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.